முதல் விமானக் கிட்: 1/72ஆ, 1/48ஆ, 1/144ஆ, கடதாசியா?

அண்மையில் மூன்று பேர் ஏறத்தாழ ஒரே கேள்வியைக் கேட்டிருந்தார்கள். கல்லடியில் ஒரு தகப்பன்: பதினொரு வயது மகனோடு சேர்ந்து விமான மாதிரி ஒன்று செய்ய ஆசை, எந்த அளவில் வாங்குவது? கல்முனையில் ஒரு தாதி: இரவு வேலை முடிந்து வந்து மனதை ஆறவைக்க ஒரு கைவேலை வேண்டும், ஆனால் வாடகை அறையில் இருப்பது ஒரேயொரு மேசை. அக்கரைப்பற்றில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்: சின்ன வயதிலிருந்தே விமானம் என்றால் உயிர், இப்போதுதான் நேரம் கிடைத்திருக்கிறது, ஆனால் கண் முன்போல இல்லை.

மூவருக்கும் ஒரே பெட்டியைக் காட்ட முடியாது. எந்த விமானம் அழகு என்று பார்த்துத்தான் எல்லோரும் முதல் கிட்டை, அதாவது ஒட்டிக் கட்டும் துண்டுகள் அடங்கிய பெட்டியை, வாங்குகிறோம். அது பாதி கட்டியபடி அலுமாரிக்கு மேலே ஏறிவிடுவதற்குக் காரணம் பெரும்பாலும் விமானம் அல்ல, அளவுதான். அதனால் அளவை முதலில் பேசுவோம்.

1/72 என்றால் உண்மையான விமானத்தின் 72 சென்டிமீற்றர், மாதிரியில் ஒரு சென்டிமீற்றர். ஆறடி மனிதன் ஓர் அங்குலம் ஆகிவிடுவான். 1/48இல் அதே மனிதன் ஒன்றரை அங்குலம், 1/144இல் அரை அங்குலம். 1/72க்கும் 1/48க்கும் நீளத்தில் ஒன்றரை மடங்குதான் வித்தியாசம். ஆனால் மேற்பரப்பு இரண்டேகால் மடங்கு, அடைக்கும் இடம் மூன்று மடங்குக்கும் மேல். பெயின்ட் நீளத்தைப் பார்த்துச் செலவாவதில்லை, மேற்பரப்பைப் பார்த்துத்தான் செலவாகும். இந்த ஒரு கணக்கை மனதில் வைத்தால் பின்னால் வரும் பல விஷயங்கள் தானாக விளங்கும்.

## எவற்றை வைத்து ஒப்பிடுவது

முதலாவது முழுச் செலவு. கிட்டின் விலை அதில் ஒரு பகுதிதான். வெளிநாட்டிலிருந்து பொதியில் எடுப்பித்தால் தபால் செலவும் சுங்கவரியும் சேரலாம். அதைவிடப் பெரிய சிக்கல் கம். பிளாஸ்டிக் கிட்டுக்கான கம், தின்னர், எனாமல் பெயின்ட் எல்லாம் தீப்பற்றும் திரவங்கள். விமானத் தபாலில் அவற்றை அனுப்ப விடமாட்டார்கள். மாமா வெளிநாட்டிலிருந்து வரும்போது சூட்கேசில் கிட்டைக் கொண்டுவரலாம், எனாமலையும் தின்னரையும் கொண்டுவரக்கூடாது. கிட் வந்துவிடும், ஒட்டக் கம் இருக்காது. ஆகவே கொழும்பில் கமும் பெயின்டும் கிடைக்கும் இடத்தைத் தேடி உறுதிசெய்த பிறகே கிட்டுக்குப் பணம் கட்டுங்கள்.

இரண்டாவது இடம். முடித்த பிறகு வைக்கும் தட்டு மட்டுமல்ல, கட்டும்போது இரவில் அப்படியே விட்டுவிட்டுப் படுக்கக்கூடிய இடம். சாப்பாட்டு மேசையில் கட்டினால் ஒவ்வொரு நாளும் எடுத்து வைக்க வேண்டும், எடுத்து வைக்கும்போதுதான் துண்டுகள் உடைகின்றன, தொலைகின்றன.

மூன்றாவது கண்ணும் கையும். நாற்பதைத் தாண்டியவருக்குக் கிட்டப் பார்வை மங்குவது இயல்பு. பத்து வயதுப் பிள்ளைக்குக் கண் நன்றாகத் தெரியும், பொறுமைதான் குறைவு.

நான்காவது எங்கள் காலநிலை. வைகாசி தொடங்கி ஆவணி வரை கச்சான் காற்று. வெப்பமும் வறட்சியும் பெயின்டைச் சீக்கிரம் காயவைக்கும், கூடவே புழுதியைக் கொண்டுவந்து ஈரப் பெயின்டில் ஒட்டிவிடும். கார்த்திகையிலிருந்து தை வரை வாடையும் மழையும். காற்றில் ஈரம் நிறைந்திருக்கும்போது ஸ்பிரே அடித்தால் பளபளப்பு மறைந்து வெள்ளைப் புகைபோல ஒரு படலம் வரும். இங்கே எதைக் கட்டினாலும் இந்த இரண்டு பருவங்களையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

ஐந்தாவது, வீட்டில் எந்த விமானத்தைப் பார்க்க விருப்பம் என்பது. இது வேறு ஊர்க்காரர்கள் யோசிக்கத் தேவையில்லாத விஷயமாக இருக்கலாம். நான் முதலாவது போர் விமானத்தை முடித்து மேசையில் வைத்தபோது அம்மா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இது கிபிர் இல்லையே மனே?" என்று கேட்டார். இல்லை அம்மா, அந்தக் காலத்து இங்கிலாந்து விமானம் என்றேன். சரி என்றார். ஆனால் அதற்குப் பிறகு அதை முன்கூடத்தில் வைக்கவில்லை, என் அறைக்குக் கொண்டுபோய்விட்டேன். போர்க்காலத்தில் கிபிர் குண்டு போட வரும்போது பதுங்குகுழிக்குள் இருந்து அந்தச் சத்தம் கேட்டவர்கள் இருக்கும் வீட்டில் அவர்களையும் கேட்டுத்தான் முடிவெடுக்க வேண்டும். பயணிகள் விமானம், நீர்விமானம், தபால் விமானம் என்று அழகான கிட்டுகள் ஏராளம் உண்டு.

## 1/72: எல்லாம் கிடைக்கும் அளவு

இங்கிலாந்தின் எயார்ஃபிக்ஸ் நிறுவனம் தன் முதல் விமானக் கிட்டாக ஸ்பிட்ஃபயரை 1953இல் வெளியிட்டது இந்த அளவில்தான். இன்று மிகக் கூடுதலான விமான வகைகள் கிடைப்பதும் 1/72இல். அதற்கும் முன்பே, 1942இல், அமெரிக்காவில் படையினர் விமானங்களை இனங்காணும் பயிற்சிக்காகப் பள்ளிக்கூட மாணவர்கள் மரத்தில் செதுக்கிக் கொடுத்த மாதிரிகளும் 1/72தான்.

அதே 1942 ஏப்ரல் 9ஆம் திகதி எங்கள் கரைக்கு அப்பால் ஹெர்மிஸ் என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பலை ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்தன. ஐச்சி டி3ஏ என்ற குண்டுவீச்சு விமானங்கள் அவை. அன்று காலையில் திருகோணமலைக்கு மேலே பிரித்தானிய ஹரிக்கேன்களும் ஜப்பானிய சீரோக்களும் மோதின. ஐந்து நாளுக்கு முன், ஏப்ரல் 4ஆம் திகதி, ஜப்பானியக் கப்பற்படை வருவதை முதலில் கண்டு சொன்னது கொக்கலையிலிருந்து பறந்த ஒரு கேட்டலினா நீர்விமானம். இந்த நான்கும் 1/72இல் கிட்டாக வந்திருக்கின்றன. ஒரே அளவில் கட்டி ஒரு தட்டில் அடுக்கினால் எங்கள் கடலின் கதை ஒன்று முழுதாக நிற்கும். ஹெர்மிஸையும் அதே அளவில் கட்ட ஆசைப்பட்டால் இரண்டரை மீற்றர் வரும், கட்டிலைவிட நீளம். அதற்கு 1/700 கிட் இருக்கிறது, 26 சென்டிமீற்றர்.

ஒற்றை இயந்திரப் போர் விமானம் ஒன்றை 1/72இல் கட்டினால் இறக்கை நுனியிலிருந்து நுனிவரை ஒரு சாணுக்கும் குறைவு. ஆறேழு மாலைகளில் முடித்துவிடலாம். தூரிகையாலேயே பெயின்ட் பூசலாம், பரப்பு சின்னது என்பதால் கோடு தெரியாது. பெயின்ட், தூரிகை, கம் எல்லாம் பெட்டிக்குள்ளேயே வரும் ஆரம்பத் தொகுதிகளும் இந்த அளவில்தான் அதிகம்.

மறைந்திருக்கும் செலவு துண்டுகளின் சிறுமை. விமானத்தின் வேகம் அளக்கும் குழாய் தலைமயிர் ஊசியைவிட மெல்லியது. கட்டருக்கு நடுவே பிடித்து நறுக்கும்போது தெறித்துவிடும். நான் சாரம் கட்டிக்கொண்டு சம்மணம் போட்டு இருந்துதான் வெட்டுவேன். தெறிக்கிற துண்டு மடியில் விழும். கால்சட்டையோடு கதிரையில் இருந்து வெட்டிய நாட்களில் சீமெந்துத் தரையில் டோர்ச் அடித்துத் தேடியிருக்கிறேன்.

இன்னொன்று கம். என் முதல் ஹரிக்கேனுக்குச் சரியான கம் கிடைக்கவில்லை, கடையில் இருந்த சூப்பர் குளூவாலேயே எல்லாவற்றையும் ஒட்டினேன். உடலும் இறக்கையும் பிரச்சினை இல்லாமல் ஒட்டின. கடைசியாக விமானி இருக்கும் இடத்துக் கண்ணாடி மூடியையும் அதே கமால் ஒட்டிவிட்டுப் படுத்தேன். காலையில் பார்த்தால் கண்ணாடியின் உட்புறம் முழுக்கப் பால் படர்ந்ததுபோல வெளுத்திருந்தது. அந்தக் கமின் ஆவி தெளிந்த பிளாஸ்டிக்கில் அப்படித்தான் படியும். உள்ளே நான் இரண்டு இரவு இருந்து பூசிய ஆசனமும் பட்டியும் ஒன்றும் தெரியவில்லை. இப்போது கண்ணாடிக்குப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் பாவிக்கும் வெள்ளைக் கம்தான். காய்ந்தால் தெளிந்துவிடும், வழிந்தால் ஈரத் துணியால் துடைக்கலாம்.

மற்ற இடங்களுக்கு பிளாஸ்டிக்கை உருக்கிச் சேர்க்கும் மெல்லிய கம் வேண்டும். இரண்டு துண்டையும் பொருத்திப் பிடித்துக்கொண்டு தூரிகை நுனியால் இடுக்கைத் தொட்டால் போதும், கம் தானே ஓடிப் போய்ச் சேரும். யன்னலைத் திறந்துவையுங்கள், நெருப்புப் பக்கத்தில் வேண்டாம்.

## 1/48: கண்ணுக்கு இதம், தட்டுக்குப் பாரம்

விலை அதிகம் என்பதற்காக மட்டும் 1/48ஐ ஒதுக்கவேண்டாம். துண்டுகள் பெரியவை, பிடிக்கலாம். விமானியின் முன்னால் இருக்கும் மானிகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பூசலாம், பூசியது வெளியே தெரியவும் செய்யும். வாசிப்புக் கண்ணாடி போடுபவருக்கும் விரல் கொஞ்சம் நடுங்குபவருக்கும் இந்த அளவுதான் ஏற்றது. 1/72இல் கண்ணைக் கசக்கிக்கொண்டு அவதிப்படுவதைவிட, வருடத்தில் ஒன்றிரண்டு 1/48 கட்டுவது நல்லது.

ஒரு விஷயம் பலர் சொல்வதில்லை. 1/48இல் இறக்கை அகன்றது, தூரிகையால் பூசினால் கோடு கோடாகத் தெரியும். முதலாவது கிட்டில் அதைப் பொறுத்துக்கொள்வோம். இரண்டாவதில் ஏயார் பிரஷ், அதாவது காற்றால் பெயின்டைத் தூவும் கருவி, பற்றிக் கேட்க ஆரம்பிப்போம். அது வந்தால் கம்பிரசர், வடிகட்டி, முகமூடி, பூசுவதற்கென்று ஒரு மூலை என்று வரிசையாக வரும். அந்தச் செலவு ஐந்தாறு கிட்டுகளின் விலையைத் தின்றுவிடும்.

வாகனத்துக்கு அடிக்கும் ஸ்பிரே டின்னை ஹாட்வெயார் கடையில் வாங்கி அடிக்கலாமா என்று சிலர் கேட்பதுண்டு. அடிக்கலாம், ஆனால் சிலவகை வெறும் பிளாஸ்டிக்கை அரித்துச் சுருக்கிவிடும். ஒரு பிளாஸ்டிக் கரண்டியில் அடித்து ஒரு நாள் விட்டுப் பாருங்கள். பிறகு மெல்லிய பூச்சாக, ஒன்று காய்ந்தபின் மற்றொன்று.

இடம்தான் கடைசித் தடை. ஐச்சி டி3ஏ ஒன்று 1/48இல் 30 சென்டிமீற்றர். மூன்று கட்டினால் ஒரு தட்டு நிறைந்துவிடும். கேட்டலினா 66 சென்டிமீற்றர், அதை எங்கே வைப்பது என்று வீட்டில் கேட்டால் எனக்கும் பதில் இல்லை.

## 1/144: சின்னது என்று நம்பி வாங்க வேண்டாம்

பயணிகள் விமானம் கட்ட விரும்புகிறவர்களுக்கு இதுதான் அளவு. போர் விமானம் வேண்டாம் என்ற வீட்டுக்கு நான் முதலில் சொல்வதும் இதுதான். எயார்பஸ் ஏ320 ஒன்று ஏறத்தாழ 24 சென்டிமீற்றர் இறக்கை அகலத்தில் வரும். முன்கூடத்தில் தாராளமாக வைக்கலாம். வருகிற எல்லோரும் கையில் எடுத்துப் பார்ப்பார்கள், "இதில்தானே தம்பி லண்டனுக்குப் போனான்" என்பார்கள். ஆனால் ஏ330 எடுத்தீர்களானால் அதே அளவில் 42 சென்டிமீற்றர், கிட்டத்தட்ட 1/72 கேட்டலினாவுக்குச் சமம். பெட்டியின் மூலையிலுள்ள இலக்கத்தைப் பார்த்துச் சின்னது என்று முடிவெடுக்காதீர்கள்.

துண்டுகள் குறைவு, பெயின்ட்தான் சோதனை. போர் விமானத்தின் புள்ளியும் பட்டையும் பல பிழைகளை மூடிவிடும். பயணிகள் விமானம் முழு வெள்ளை, பளபளப்பு. உடலின் இரண்டு பாதிகளும் சேரும் கோட்டை நிரப்பி, ஈரம் தொட்ட மெல்லிய மண்தாளால் தேய்த்து, மீண்டும் நிரப்பி, மீண்டும் தேய்த்து, விரலால் தடவினால் தெரியாதபடி ஆக்கிய பிறகே வெள்ளை. தூரிகையால் வெள்ளைப் பளபளப்பு எடுப்பது கடினம், ஸ்பிரே வேண்டிவரும். கச்சான் அடிக்கும் நாட்களில் விடியற்காலையில், காற்று எழும்ப முன்னர் அடிப்பேன். அடித்தவுடன் மேலே ஒரு பெரிய பிளாஸ்டிக் பெட்டியைக் கவிழ்த்து மூடிவிடுவேன்.

பெட்டிக்குள் எந்த நிறுவனத்தின் அடையாளங்கள் இருக்கின்றன என்றும் பாருங்கள். ஸ்ரீலங்கன் மயில் வேண்டுமென்றால் பெரும்பாலும் அந்த டெக்கல் தாளை, அதாவது தண்ணீரில் நனைத்து ஒட்டும் அடையாளத் தாளை, தனியாகத் தேடி வாங்கவேண்டியிருக்கும்.

அப்புறம் மூக்கில் பாரம். முன்சில்லுள்ள விமானம் பாரம் வைக்காவிட்டால் வாலில் குந்திவிடும். உடலை ஒட்டி மூடுவதற்கு முன்னரே வைக்கவேண்டும், மறந்தால் திரும்பத் திறக்க முடியாது. எங்கள் ஊரில் இதற்குக் காசு கொட்டத் தேவையில்லை. மீன்பிடிச் சாமான் கடையில் தூண்டில் ஈயம் வாங்கலாம். அதை வெள்ளைக் கமால் ஒட்டாதீர்கள். அந்தக் கமோடு ஈயம் வருடக்கணக்கில் அரித்து, பருத்து, விமானத்தின் மூக்கையே பிளந்துவிடும். எபொக்சி அல்லது சூப்பர் குளூ. முடிந்ததும் கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள், பிள்ளைகளிடம் ஈயத்தைக் கொடுக்கவேண்டாம்.

## கடதாசி: கையில் காசு இல்லாவிட்டாலும் தொடங்கலாம்

கடதாசி விமானங்களின் வழக்கமான அளவு 1/33. இலவசமாகவும் மலிவாகவும் வரைபடங்கள் கிடைக்கின்றன. தடித்த தாளில் அச்சிட்டு, வெட்டி, மடித்து, வெள்ளைக் கமால் ஒட்டவேண்டியதுதான். பெயின்ட் வேண்டாம், தின்னர் வேண்டாம், மணம் இல்லை, சுங்கம் இல்லை. பிழைத்தால் அந்தப் பக்கத்தை மட்டும் திரும்ப அச்சிடலாம். பிளாஸ்டிக் கிட்டில் இந்த வசதி கிடையாது. ஒருமுறை எனக்கு அனுப்பியவர் கண்ணாடித் துண்டை வைக்க மறந்துவிட்டார், அதற்காக இரண்டு மாதம் காத்திருந்தேன்.

அச்சிடும்போது ஒரு தெரிவு இருக்கிறது. இங்க்ஜெட் அச்சு கம்மின் ஈரம் பட்டாலே கரையும். லேசர் அச்சு கரையாது, ஆனால் மடிப்பில் வெடித்து வெள்ளை தெரியும். நான் லேசரில் எடுத்து, மடிப்பையும் வெட்டிய ஓரத்தையும் நீர்வர்ணத்தால் தொட்டுவிடுவேன். வெள்ளை ஓரத்தை மறைத்தாலே பாதி அழகு வந்துவிடும்.

கடதாசியின் எதிரி ஈரம்தான். மார்கழி மழையில் நேராக இருந்த இறக்கை மெல்ல வளையும். தெளிந்த வார்னிஷ் அடித்து, கண்ணாடி அலுமாரிக்குள் வைத்தால் தாங்கும். வெள்ளம் வரும் வீடென்றால் உயரமான தட்டு. ஹரிக்கேன் 1/33இல் 37 சென்டிமீற்றர் அகலம், இடமும் கேட்கும்.

## இறக்கை அகலம் சென்டிமீற்றரில்

வாங்குமுன் ஓர் அடிமட்டத்தை எடுத்துத் தட்டில் வைத்துப் பாருங்கள்.

| விமானம் | 1/144 | 1/72 | 1/48 |
|---|---|---|---|
| ஹரிக்கேன் | 8.5 | 17 | 25.4 |
| சீரோ | 8.3 | 16.7 | 25 |
| ஐச்சி டி3ஏ | 10 | 20 | 30 |
| கேட்டலினா | 22 | 44 | 66 |
| ஏ320 | 24 | 47 | 71 |

மற்ற அம்சங்கள்:

| | 1/72 | 1/48 | 1/144 பயணிகள் விமானம் | கடதாசி |
|---|---|---|---|---|
| தொடக்கச் செலவு | நடுத்தரம் | கூட | நடுத்தரம் | மிகக் குறைவு |
| பிறகு வரும் செலவு | டெக்கல், பெயின்ட் | ஏயார் பிரஷ் | ஸ்பிரே, தனி டெக்கல் | அச்சுச் செலவு |
| கண்ணுக்குச் சிரமம் | கூட | குறைவு | நடுத்தரம் | நடுத்தரம் |
| தூரிகை போதுமா | போதும் | கோடு தெரியும் | போதாது | தேவையே இல்லை |
| மழைக்காலப் பயம் | டெக்கல் | டெக்கல், ஸ்பிரே | ஸ்பிரே | எல்லாமே |

டெக்கல் பற்றி ஒரு வார்த்தை. ஈரத்தில் அவை ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், பூஞ்சணம் பிடிக்கும். பெட்டி வந்த அன்றே தாளை எடுத்து, மருந்துப் போத்தலுக்குள் வரும் சிலிக்கா பைக்கற்றோடு சிப் பையில் போட்டு மூடுங்கள். மஞ்சளாகிப்போன பழைய டெக்கலை யன்னல் கண்ணாடியின் உட்புறம் ஒட்டி வெயில் காட்டினால் பல நேரம் வெளுத்துவிடும்.

## அப்படியென்றால் யாருக்கு எது

கல்லடித் தகப்பனுக்கு: முதலில் ஒரு கடதாசி விமானம், ஒரு சனி ஞாயிறில் முடிகிற எளியது. மகன் இருந்து ஒட்டுகிறானா, அரை மணிநேரத்தில் எழும்பிப் பந்தடிக்கப் போகிறானா என்று அதில் தெரிந்துவிடும். இருந்தால் 1/72 ஆரம்பத் தொகுதி. வெட்டுக்கத்தி உங்கள் கையில், தூரிகை அவன் கையில். கோணலாகப் பூசினால் திருத்தவேண்டாம், அது அவனுடைய விமானம்.

கல்முனைத் தங்கைக்கு: 1/72, ஒற்றை இயந்திரம், தண்ணீரில் கரையும் பெயின்ட். மூடியுள்ள ஒரு பிஸ்கட் டின்னுக்குள் கிட், கட்டர், கம், தூரிகை எல்லாவற்றையும் அடக்கலாம், மேசை ஐந்து நிமிடத்தில் வெறுமையாகிவிடும். வாடகை அறையில் ஸ்பிரே வேண்டாம். இரவு வேலை முடிந்த காலையில் கத்தியைத் தொடவேண்டாம். தூக்கக் கண்ணோடு வெட்டியது என் இடக்கைப் பெருவிரலில் இன்னும் தழும்பாக இருக்கிறது. அப்படியான நாளில் ஒரு டெக்கல் மட்டும் ஒட்டலாம்: இளஞ்சூட்டுத் தண்ணீரில் அரை நிமிடம், தூரிகையால் மெல்லத் தள்ளினால் வட்டம் தாளைவிட்டு வழுக்கி இறக்கையில் போய் இருக்கும்.

அக்கரைப்பற்று ஐயாவுக்கு: யோசிக்காமல் 1/48. சீரோவில் தொடங்குங்கள். உடலெல்லாம் ஏறத்தாழ ஒரே சாம்பல் நிறம், இயந்திர மூடி கறுப்பு, சிக்கலான வண்ணப்பட்டை எதுவும் இல்லை. தூரிகையால் பூசும்போது பெயின்டைத் தண்ணியாக்கி, மூன்று நான்கு மெல்லிய பூச்சாக, ஒவ்வொன்றையும் முந்தியதற்குக் குறுக்கே இழுத்துப் பூசினால் கோடு பெரிதாகத் தெரியாது. காலையில் யன்னல் வெளிச்சத்தில் மட்டும் வேலை செய்யுங்கள். பொதி வர இரண்டு மாதம் எடுத்தாலும், வைகாசியில் சொல்லி வைத்தால் ஐப்பசிக்குள் பெயின்ட் காய்ந்து டெக்கலும் ஒட்டி முடிந்திருக்கும், மழை தொடங்க முன்னரே.